ஆசீர்வாதாசனம்

1

முதலில் உண்மையை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதை இல்லை, கட்டுரை. தலைப்பைக்கூட மேலிடமே கொடுத்திருந்தது: 'உடலுக்கும் உள்ளத்துக்கும் யோகாசனத்தின் நன்மைகள்'.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புத் தகட்டை அழுத்தி வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம், எனக்கும் பிழைப்பு நடக்க வேண்டும்) டைம் ஆபீஸ் குமாஸ்தா நான். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று பதிவது என் வேலை. எப்போதோ இரண்டு கதைகள் பத்திரிகையில் வந்துவிட்ட பாவத்துக்கு, கம்பெனி மலரில் வருஷத்துக்கு ஒரு கட்டுரை எழுதுவதும் என் தலையில் விழுந்தது. போன வருஷம் தீயணைப்புக் கருவி. இந்த வருஷம் யோகா.

மூன்று முறை ஆரம்பித்தேன். அடித்ததையும் அப்படியே விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

(அடித்தது: 'பாரதத்தின் பழம்பெரும் கொடையாகிய யோகக்கலை இன்று உலகெங்கும்...' இதை எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.)

(அடித்தது: 'யோகாசனம் செய்தால் ரத்த ஓட்டம் சீராகும், முதுகெலும்பு வளைந்து கொடுக்கும், மனம்...' மனம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் யோகா செய்கிறவன் இல்லை.)

(அடித்தது: 'ஆசீர்வாதத்துக்கு இடுப்பு வலி.')

மூன்றாவதை அடித்த பிறகு மனசு கேட்கவில்லை. அதையே மறுபடி எழுதினேன். கட்டுரை அந்த இடத்தில் கெட்டுப்போனது.

2

ஆசீர்வாதத்துக்கு இடுப்பு வலி. வயது நாற்பத்தொன்பது, வீடு புதுவாயலில், பிரஸ் ஷாப்பில் இருபத்தொரு வருஷ சர்வீஸ். அவருடைய அப்பா பிறத்தியார் வயலில் குனிந்து குனிந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டவர். குனியவே வேண்டாத வேலை என்று கம்பெனிக்கு வந்த மகன், நின்று நின்று கெடுத்துக்கொண்டார்.

பிரஸ் ஷாப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே தகட்டை அழுத்துகிற பெரிய பிரஸ் ஒன்பது வினாடிக்கு ஒரு முறை இறங்கும். இறங்கினால் தரை அதிரும், பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதுகூடக் காதில் விழாது. அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. பேசிக்கொண்டே வந்து, அடி விழும் நேரத்தில் வாயை மூடிவிட்டு, விழுந்த பிறகு விட்ட இடத்தில் தொடருவார்கள். கடிகாரம் பார்க்க வேண்டாம், கணக்கு உடம்பிலேயே ஓடும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலும் ஒன்பது வினாடிக்கு ஒரு முறை பேச்சை நிறுத்துவார்கள். அடுத்த இலைக்காரர், தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று தண்ணீரை நகர்த்துவார்.

இடுப்பு வலி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷமாக ஆசீர்வாதத்தால் குனிந்து சேஃப்டி ஷூவுக்கு லேஸ் கட்ட முடியவில்லை. தினமும் காலையில் மனைவி ஞானம்மாதான் வாசலில் உட்கார்ந்து கட்டிவிடுவார். "எல்.கே.ஜி.க்கு அனுப்புற மாதிரியே கீது" என்று ஞானம்மா சிரிப்பார். அவரும் சிரிப்பார். கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு சிரிப்பு இருக்காது. நாற்பத்தொன்பது வயதில் இன்னொருவர் தன் கால் பக்கம் குனிவது அவருக்கு வெட்கமாக இருந்தது.

இப்படி இருக்கையில், மார்ச் மாதம் கம்பெனியில் யோகா வந்தது. ஷிப்டுக்கு முன்னால் பதினைந்து நிமிஷம், சைக்கிள் நிறுத்தும் ஷெட்டில். ஆசிரியை ஸ்நேகா, இருபத்தாறு வயது, கடம்பத்தூரிலிருந்து ரயில் மாறி பஸ் மாறி வருகிறவள். கம்பெனிச் சுவர்களிலெல்லாம் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். 'யோகாவின் பத்து நன்மைகள்'. அதில் நான்காவது நன்மை, 'ஆழ்ந்த உறக்கம் கிடைக்கும்'. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். [தேர்ந்த கதாசிரியர் யாரும் இப்படி முன்கூட்டியே சொல்ல மாட்டார். என்ன செய்வது, டைம் ஆபீஸ் புத்தி.]

ஆசீர்வாதம் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். முதல் நாளே தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேடம், கடைசில ஓம்னு சொல்லச் சொல்றீங்களே..."

"சொல்லத் தோணலன்னா வுட்ருங்க அண்ணே. வாய மூடிக்கினு ம்ம்ம்னு மட்டும் சொல்லுங்க, வண்டு கணக்கா. அதுக்குப் பேரு பிராமரி. அது வெறும் மூச்சுதான், வேற ஒண்ணியும் கெடையாது."

ஆசீர்வாதம் அதற்கும் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தார். மனசுக்குள் 'ஸ்தோத்திரம்' என்று சொல்லி, கடைசி 'ம்'மை மட்டும் வெளியே விட்டார். அந்த 'ம்' நீளமாக, கனமாக, ஷெட்டின் தகரக் கூரை வரைக்கும் போகும். கடைசியில் எல்லோரும் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடும் சவாசனத்திலும் அவர் மட்டும் அந்த ம்ம்மை விடுவதில்லை. இரண்டையும் கலக்கக்கூடாது என்று ஸ்நேகா சொல்லிப் பார்த்து ஓய்ந்துபோனாள். கூட வேலை செய்கிற ஸ்டீவன்தான் இதற்கு 'ஆசீர்வாதாசனம்' என்று பெயர் வைத்தான்.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். தன் பிள்ளையின் கல்யாணத்துக்கே ஒரே ஒரு நாள் மட்டும் லீவு போட்டவர், புதிதாக எதையும் தொடாதவர், இருபது நாளில் யோகாவோடு இப்படி ஒட்டிக்கொள்வாரா? கதைக்காக நான் இழுக்கிறேனோ? அவரிடமே கேட்டேன்.

"இத்தினி வருசத்துல இந்தக் கம்பெனி என்னைப் படுன்னு சொன்னது இதுக்கு மட்டும்தான் சார்" என்றார்.

சந்தேகம் தீர்ந்தது. மேலே போகலாம்.

இருபத்து மூன்றாவது நாள் காலையில், ஞானம்மா வாசலுக்கு வருவதற்குள் ஆசீர்வாதம் தானே குனிந்து ஒரு ஷூவுக்கு லேஸ் கட்டி முடித்திருந்தார். இரண்டாவதையும் கட்டினார். ஞானம்மா கையில் டீயோடு நின்று பார்த்தார்.

"இன்னாயா, என்னை வேலைய வுட்டுத் தூக்கிட்டியா?"

(அடித்தது: 'ஞானம்மாவின் கண்கள் பனித்தன.' பனிக்கவில்லை. நடந்தது கீழே.)

ஞானம்மா டீயை வைத்துவிட்டு உட்கார்ந்து, அவர் கட்டிய முடிச்சு இரண்டையும் அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். "முடிச்சா இது? புதுவாயல் தாண்டறதுக்குள்ள அவுந்துரும்." அன்று பஸ்ஸில் ஆசீர்வாதம் தன் ஷூவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார் என்று ஸ்டீவன் சொன்னான்.

கட்டுரைக்கு இது போதும். 'யோகா செய்தால் லேஸ் கட்டலாம்' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கலாம். ஜூன் மூன்றாம் தேதி மட்டும் வராமல் இருந்திருந்தால்.

4

ஜூன் மூன்று. டீ டைம் மூன்று மணியிலிருந்து மூன்று பத்து வரை. டீயை இரண்டே வாயில் குடித்துவிட்டு, ஆசீர்வாதம் ஆறாம் நம்பர் மெஷினுக்குப் பின்னால் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்தார். காலை அகட்டி, உள்ளங்கையை மேலே திருப்பி, கண்ணை மூடிப் படுத்தார். ம்ம்ம் என்றார்.

மூன்று பதினான்குக்கு அந்தப் பக்கம் ஷிப்ட் சூப்பர்வைசர் தணிகாசலம் வந்தார். அவர் கண்ட காட்சி: மெஷின் பக்கத்தில் மனிதன் ஒருவன் மல்லாந்து கிடக்கிறான், கை விரிந்திருக்கிறது, தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வருகிறது. கேட்டில் 'விபத்தில்லா நாட்கள்' என்ற பலகை நானூற்றுப் பன்னிரண்டு காட்டிக்கொண்டிருக்கிற கம்பெனி அது. "அய்யய்யோ, ஆளு வுழுந்துட்டான்!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் சைரனை அழுத்திவிட்டார்.

சைரன் அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் பயிற்சி உண்டு. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, வேப்பமரத்தடிக்கு ஓடி, வரிசையில் நிற்க வேண்டும். ஆசீர்வாதமும் அதைத்தான் செய்தார். துள்ளி எழுந்தார், ஓடினார், வரிசையில் நாலாவது ஆளாக நின்றார். அதற்குள் மறுபக்க வழியாக ஸ்ட்ரெச்சர் போயிற்று. அட்டை இருந்தது, ஆள் இல்லை. வேப்பமரத்தடியில் தலை எண்ணினார்கள். ஒரு தலையும் குறையவில்லை.

"யாருக்குபா இன்னா ஆச்சு? பாவம்" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டது ஆசீர்வாதம்தான்.

ஸ்டீவன் அவர் முதுகைப் பார்த்தான். சட்டையில் அட்டைப் பெட்டியின் எழுத்து தலைகீழாகப் பதிந்திருந்தது. அவன் சிரிக்க ஆரம்பித்தான். அவனைப் பார்த்து முழு ஷிப்டும் சிரித்தது. தணிகாசலம் சிரிக்கவில்லை. பொய்யாகச் சைரன் அடித்தவர் என்ற பேர் தன் தலையில் விழப்போவது அவருக்குத் தெரிந்துவிட்டது. மனிதர் கெட்டவர் இல்லை, பயந்தவர். மாலைக்குள் எழுதிக் கொடுத்துவிட்டார்: 'மேற்படி தொழிலாளி பணி நேரத்தில் குறட்டை விட்டு உறங்கினார்'.

டீ டைம் மூன்று பத்துக்கு முடிந்தது, சைரன் மூன்று பதினான்குக்கு அடித்தது, ஆக நாலு நிமிஷம் பணி நேரம் என்று பதிவேட்டைப் பார்த்துச் சொன்னது யார்? கதைக்குள் இங்கே இன்னொரு ஆள் வருகிறார். நான்தான்.*

* வராமல் தப்பித்துவிடலாம் என்றுதான் நான்கு பகுதிகளாக ஓரமாகவே நடந்து வந்தேன்.

5

ஆசீர்வாதத்துக்கு மெமோ வந்தது. அது மூன்றாவது. முந்தைய இரண்டும் தாமதமாக வந்ததற்கு, இரண்டும் இடுப்பு பிடித்துக்கொண்ட காலை வேளைகள். மூன்றாவது மெமோ என்றால் என்கொயரி. என்கொயரியில் குற்றம் ஊர்ஜிதமானால் வேலை போகும். இருபத்தொரு வருஷம் ஒரே ஒரு மெஷினோடு நின்றவரை, ஐம்பதை எட்டுகிற வயதில், எந்தக் கம்பெனி கேட்டில் உள்ளே விடும்? ஞானம்மா அன்றிலிருந்து முடிச்சைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

மெமோவுக்கு விளக்கம் எழுத வேண்டும். ஆசீர்வாதம் தன் கையெழுத்தில், கோடு போட்ட தாளில், இப்படி எழுதிக் கொடுத்தார்:

'ஐயா, சம்பவ நேரத்தில் நான் பிணமாக இருந்தேன். கம்பெனி கற்றுக்கொடுத்தபடியேதான் பிணமாக இருந்தேன். இப்படிக்கு, ஆசீர்வாதம்.'

சவாசனம் என்பதை அவர் தமிழ்ப்படுத்தியிருந்தார், அவ்வளவுதான். சேஃப்டி ஆபீசர் அதைப் படித்துவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "யோவ், இன்னாயா பேஜாரு இது! ஃபைல்ல பிணம்னு ஒரு வார்த்தை இருந்தா, இன்ஸ்பெக்ஷன் வர்ற ஆளு எத்தினி பேரு செத்தான்னு கேப்பான். மாத்தி எழுதச் சொல்லு!"

மாற்றி எழுதச் சொன்னது என்னிடம். "நீதான் கதை எழுதறவனாச்சே."

6

புதுவாயல் கூட்டு ரோட்டில் டீ குடித்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்தோம். ஆசீர்வாதம், ஸ்டீவன், நான்.

"இதுக்குப் போய் யோசிக்கிறியேண்ணா" என்றான் ஸ்டீவன். "கேட்டது கொறட்டை இல்ல, பிராமரினு சொல்லு. அந்த டீச்சரம்மாவ சாட்சிக்கு இட்டுக்கினு வா. மேட்டர் ஓவர்."

ஆசீர்வாதம் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"பிராமரிதான் சார் ஆரம்பிச்சேன். அப்பால சைரன்தான் கேட்டுது. நடுவுல ஒண்ணுமே இல்ல. வலி இல்ல, கனவு இல்ல, ஷிப்ட் இல்ல." லாரி ஒன்று போகும் வரை நிறுத்தினார். "தூங்கிட்டேன் சார். எத்தினியோ வருசமா பொரண்டு பொரண்டு படுக்கிறவன். அப்படி ஒரு தூக்கம் தூங்கினதே இல்ல. அத்தப் போய் இல்லன்னு எப்படிச் சொல்றது? நல்லது ஒண்ணு கெடைச்சுது. கெடைக்கலன்னு சாதிச்சா, குடுத்தவன் இன்னா நெனைப்பான்?"

ஸ்டீவன் இன்னும் மூன்று டீ சொன்னான்.

"நீங்க எழுதறவரு" என்றார் ஆசீர்வாதம். "நெசமாவும் இருக்கணும், வேலையும் போவக்கூடாது. அந்த மாதிரி எதுனா வார்த்தை இருக்குதா சார்?"

என்னிடம் இப்படி ஒரு கேள்வியை எந்தப் பத்திரிகை ஆசிரியரும் கேட்டதில்லை. 'கண்ணயர்ந்தேன்' என்று சொல்லிப் பார்த்தேன். அதுவும் தூக்கம்தானே என்றார். 'இளைப்பாறினேன்' என்றேன். ரிட்டயர் ஆனவர் பேச்சு மாதிரி இருக்கிறது என்றான் ஸ்டீவன். கடைசியில் என் அறிவையெல்லாம் திரட்டி, 'யோக நித்திரை' என்றேன்.

மெமோ வந்த பிறகு ஆசீர்வாதம் முதல் முறையாகச் சிரித்தார். "நல்லா கீது சார். எங்க சர்ச் ஆளுங்க போஸ்டர்ல நித்திரையடைந்தார்னு போட்டா, செத்துட்டார்னு அர்த்தம். சுத்திச் சுத்தி மறுபடியும் பிணத்துக்கே வந்துட்டீங்களே."

7

இந்த இடத்தில் கதையை முடிக்கச் சில வழிகள் எனக்குத் தெரிந்தன. எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: என்கொயரியில் ஆசீர்வாதம் பிராமரியைச் செய்து காட்டுகிறார். அந்த ம்ம்மில் விசாரணை அதிகாரி, மேனேஜர், தணிகாசலம் எல்லோரும் வரிசையாகத் தூங்கிவிழுகிறார்கள். (மேடை நாடகத்துக்கு ஆகும். எங்கள் மேனேஜர் அவ்வளவு எளிதில் தூங்குகிறவர் இல்லை.)

இன்னொன்று: தணிகாசலம் மனம் மாறி, 'எனக்கும் இடுப்பு வலிதான்' என்று அழுது, புகாரை வாபஸ் வாங்குகிறார். அவருக்கு இடுப்பு வலி இருப்பது உண்மை. அழுவது மட்டும்

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. தணிகாசலத்தை எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும்.)

மூன்றாவதாக ஸ்நேகா கடம்பத்தூரிலிருந்து பாய்ந்து வந்து போஸ்டரைக் காட்டி வாதாடும் முடிவு ஒன்று. அவள் வரத்தான் செய்தாள். வெளியே உட்கார வைத்தார்கள், கூப்பிடவே இல்லை. "நான் தூங்காதீங்கன்னுதான் சொல்லிக்குடுத்தேன், ஆனா தூங்கிட்டா அது நான் ஒழுங்கா சொல்லிக்குடுத்ததுன்னுதானே அர்த்தம்?" என்று வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

8

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

பிரஸ் ஷாப்பை ஒட்டிய டிரெயினிங் ரூமில் என்கொயரி. திருவள்ளூரிலிருந்து ஒரு வக்கீல் விசாரணை அதிகாரியாக வந்திருந்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால், சரியாகத் தலைக்கு மேலே, 'யோகாவின் பத்து நன்மைகள்' போஸ்டர். அவர் தலை நிமிரும்போதெல்லாம் முடி நான்காவது நன்மையில் போய் முட்டியது. நான் பதிவாளர். கேள்வியும் பதிலும் என் கையால் தாளில் ஏற வேண்டும். ஏறிய பிறகு ஆசீர்வாதம் ஒவ்வொரு வரியாகப் படித்துக் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் ஒன்பது வினாடிக்கு ஒரு முறை இறங்கிக்கொண்டிருந்தது. வக்கீலுக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. ஒவ்வொரு கேள்வியின் நடுவிலும் அடி விழுந்து, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். தணிகாசலமும் ஆசீர்வாதமும் மட்டும் அடிக்கும் அடிக்கும் நடுவில் நிதானமாகப் பேசினார்கள்.

"நீங்கள் கேட்டது குறட்டைதானா?" என்று வக்கீல் தணிகாசலத்தைக் கேட்டார்.

"கொறட்டைதான் சார். எங்க ஊட்லயும் கேக்கறேனே."

ஆசீர்வாதத்திடம் திரும்பினார். "அந்தச் சத்தம் என்ன?"

"ஆரம்பிச்சது பிராமரி சார். அது எதுல போய் முடிஞ்சுதுன்னு கேட்டவருதான் சொல்லணும். எனக்குத் தெரியாது."

தணிகாசலத்துக்கே சிரிப்பு வந்து, மீசையைத் தடவிக்கொண்டார். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம். "கடைசிக் கேள்வி, ஏழு. சம்பவ நேரத்தில் நீங்கள் தூங்கினீர்களா, இல்லையா?"

ஆசீர்வாதம் உள்ளங்கையை மேலே திருப்பி முட்டியில் வைத்துக்கொண்டார். மூச்சை இழுத்து, விட்டார். நான் எனக்குள் எண்ணினேன். ஆறு, ஏழு, எட்டு.

இருபத்தொரு வருஷத்தில் ஆசீர்வாதம் ஒரு நாளும் அடி விழும் நேரத்தில் வாயைத் திறந்தவர் இல்லை. அன்று திறந்தார். பிரஸ் இறங்கிய அதே நொடியில், முழுக் குரலில், தெளிவாக, ஒரே ஒரு வார்த்தை சொன்னார். தரை அதிர்ந்தது. போஸ்டர் ஆடியது. அவருக்கு அரை அடி பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் அது கேட்டது. நெசம் சொல்லியாகிவிட்டது. வேலையும் இன்னும் போகவில்லை.

எதிரே தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். வார்த்தை அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் ஒரு பிரஸ் ஷாப் ஆள் தவறிப்போய் அந்த நேரத்தில் பேச மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

வக்கீல் காதைத் தேய்த்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "சொல்லிட்டாரில்ல? உங்களுக்குக் கேட்டுதா?"

"கேட்டுது சார்."

"அப்ப எழுதிக்கோங்க. கையெழுத்து வாங்கிட்டா கெளம்பலாம்."

9

கட்டுரைக்குத் திரும்ப முடியாது என்று இப்போது புரிகிறது. இந்த மனிதனுக்கு யோகா கொடுத்தது இரண்டு: குனிய ஒரு இடுப்பு, பத்து நிமிஷத் தூக்கம். ஒன்றை மலரில் பெரிய எழுத்தில் போடுவோம். மற்றதற்காக அவரை வீட்டுக்கு அனுப்புவோம். எனக்குக் கோபம் வருகிறது. கோபத்தை மேனேஜர் மேல் காட்ட வக்கில்லாமல் உங்களிடம் காட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாள் என் முன்னால் இருக்கிறது.

'கேள்வி 7: சம்பவ நேரத்தில் தூங்கினீர்களா, இல்லையா?
பதில்: ____________'

'இல்லை' என்று எழுதினால் ஆசீர்வாதம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட மாட்டார். 'ஆம்' என்று எழுதினால் உடனே போட்டுவிடுவார். அதுதான் பயமாக இருக்கிறது. கதை எழுதுகிறேன் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கு, அந்த மனிதர் கேட்ட ஒரே ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. ஆனால் இந்த அறையில் நான் மட்டும் இல்லை. முதல் பகுதியிலிருந்து கூடவே வந்திருக்கிறீர்கள், டீக்கடையிலும் பக்கத்தில்தான் இருந்தீர்கள். அவர் சொன்னது உங்களுக்கும் கேட்டது.

வக்கீல் பையை மூடிவிட்டார். ஆசீர்வாதம் நாற்காலியிலிருந்து குனிந்து, அவிழ்ந்துபோன லேஸைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் நிமிர்ந்ததும் தாளை நீட்ட வேண்டும். முன்பெல்லாம் குனிந்தால் நிமிர அவருக்கு வெகு நேரம் ஆகும். இப்போது அப்படி இல்லை, சட்டென்று நிமிர்ந்துவிடுகிறார். அதற்குள் நீங்களே எழுதுங்கள், இந்தாருங்கள் பேனா.